பேட்டரிக்கு வந்த இழுப்பு

என் அண்ணன் தன் ஆயுசில் செய்துகொண்ட ஒரே ஆடம்பரம் அந்தக் கார்தான். அதுவும் அவன் கைக்கு வந்தபோது ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டி முடித்திருந்தார்கள். ஹைபிரிட் வண்டி. பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். எப்போது எதில் ஓடுவது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும், ஓட்டுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்காது. எங்கள் வீட்டில் என் சம்பந்தப்பட்ட முடிவுகள் எல்லாம் அப்படித்தான் எடுக்கப்பட்டன என்பதால், எனக்கு அந்த வண்டியை முதலிலிருந்தே பிடிக்காது.

பேட்டரியில் ஓடும்போது அதற்குச் சத்தமே கிடையாது. அண்ணன் தாம்பரத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமைகளில் ஊருக்கு வருவான். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் வண்டி பேட்டரிக்கு மாறிவிடும். அம்மா வாசலில் குனிந்து ஏதாவது செய்துகொண்டிருப்பாள். நிமிர்ந்தால் அவன் எதிரே நிற்பான்.

"வந்தா ஒரு ஆரன் அடிக்க மாட்டியாடா? ஈரக்கொலையே ஆடிப்போவுது" என்று அம்மா திட்டுவாள். திட்டிக்கொண்டே அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாள். "இளுப்பு கீதா?"

அவனுக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு. பனிக் காலம் வந்தால் போதும், நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல் கேட்கும். அம்மா தேங்காயெண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி அவன் மார்பில் தடவுவாள். மேலே பனியனை நாலாக மடித்துப் போட்டு மூடுவாள். பனிக்காற்று வரக்கூடாது என்று ஜன்னல்களையெல்லாம் சாத்தி, இடுக்கில் துணி அடைப்பாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். இழுப்புச் சத்தம் கேட்கும்வரை அவளுக்குப் பயமில்லை. சத்தம் நின்றால்தான் பயம். தூங்கிவிட்டானா, வேறு எதுவுமா என்று தெரியாது. தலையணையிலிருந்து இலவம்பஞ்சு கொஞ்சம் பிய்த்து அவன் மூக்குக்கு நேராகப் பிடிப்பாள். பஞ்சு அசைந்தால்தான் அவள் சுவரில் சாய்வாள்.

நான் அடுத்த பாயில் படுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு நல்ல நுரையீரல், அதுதான் நான் செய்த தப்பு. என் மூக்குக்கு நேராக யாரும் பஞ்சு பிடித்ததில்லை.

ஒரு மார்கழி விடியற்காலையில் அவனுக்கு இழுப்பு வந்தபோது பக்கத்தில் கேட்க யாரும் இல்லை. இழுப்புக்காரன் என்று பெண் கொடுக்க யாரும் முன்வராததால் தனியாகவே இருந்தான், தனியாகவே போய்விட்டான். அறையை வாடகைக்கு விட்டவர்தான் போன் செய்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள், வாசலை அடைக்கிறது என்றார். எனக்கு லைசென்ஸ் இருந்தது. நானே போய் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

தெருவுக்குள் திரும்பியதும் வண்டி தன் பழக்கப்படி சத்தத்தை நிறுத்திக்கொண்டது. அம்மா வாசலில் முதுகைக் காட்டியபடி பெருக்கிக்கொண்டிருந்தாள். டயரில் மண் நசுங்கும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள். வண்டியைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் கண்ணாடி வழியாக அதைப் பார்த்தேன். பிறகு கதவைத் திறந்துகொண்டு நான் இறங்கினேன். என்னைப் பார்த்து அம்மா ஏமாந்தது அதுதான் முதல் தடவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முகத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. கல்யாணம் முடிந்து, பிறகு அந்தக் கல்யாணமே முடிந்து, அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவள் நான். உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளிக்கு ஸ்கூட்டரிலேயே போய்வந்தேன். மாதம் ஒருமுறை சர்க்கரை மாத்திரைக்கு அம்மாவைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத்தான் காரை எடுப்பேன். முன் சீட் காலியாக இருந்தாலும் அம்மா பின்னால்தான் உட்காருவாள். இடுப்புவலிக்கு அண்டக்கொடுக்க ஒரு இலவம்பஞ்சுத் தலையணையும் கூடவே வரும்.

சித்திரையில் ஒரு நாள், திரும்பி வரும் வழியில், இளநீர் வாங்க இறங்கினேன். வெயில் கொளுத்தியதால் வண்டியை அணைக்காமல் ஏசியை ஓடவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா சீட்டோரமாகச் சாய்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா பண்ற?"

"பேசாத இரு. அவன் இளுக்கிறான்டி."

நானும் குனிந்து கேட்டேன். பின்சீட்டின் பக்கவாட்டில், உட்கார்ந்தால் இடுப்பு வரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு அகலமான இடுக்குகள் வைத்த ஒரு துவாரம் இருக்கிறது. அதற்குள்ளிருந்து மெல்லிசாக, விட்டுவிட்டு, கொஞ்சம் கரகரப்போடு ஒரு சத்தம் வந்தது. அடுத்த பாயில் படுத்துக்கொண்டு வருஷக்கணக்காக நான் கேட்ட அதே சத்தம்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியோடு இருந்த புத்தகத்தைப் புரட்டினேன். பெரிய பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அது சூடானால் ஒரு சின்ன ஃபேன் சுற்றி, அந்தத் துவாரம் வழியாக வண்டிக்குள் இருக்கும் காற்றை இழுத்துப் பேட்டரியைக் குளிர வைக்கும். அவ்வளவுதான் விஷயம். அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செரி, பேட்டரி. அதுக்கு ஏன் அவன் மாதிரியே இளுக்குது?" என்றாள்.

அதன் பிறகு தினமும் நான் பள்ளியிலிருந்து வந்ததும், "கொஞ்ச நாழி அத்த ஆன் பண்ணி வுடு" என்பாள். பின்சீட்டில் போய் உட்காருவாள். முன்னால் யாரும் இல்லாமல், வண்டி சத்தமின்றி நிற்கும். திடீரென்று இன்ஜின் தானாக உறுமி எழும். பேட்டரியில் சார்ஜ் குறைந்தால் அது அப்படித்தான் எழுந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். எனக்குப் போகவில்லை. ஆளில்லாத டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அம்மா மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பேன்.

அடுத்த வீட்டில் இருக்கும் சித்தப்பா, என் அப்பாவின் தம்பி, இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை. "இன்னா இது, ஆளில்லாம ஸ்டார்ட் ஆவுது? பேய் வண்டி. வந்த வெலைக்கு வித்துத் தொல" என்றார். எரிகிற பெட்ரோல் என் சம்பளத்தில் எரிந்தது. எனக்கும் விற்றுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அம்மா சாப்பிட்டாள், தூங்கினாள், அண்ணன் போனதிலிருந்து ஆடு மாடு போல் வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நின்றது. அந்தச் சத்தம்தான் அவளை எழுப்பி உட்கார வைத்தது. அதைப் போய் எப்படி விற்பது?

ஆடிக்குப் பிறகு சத்தம் கூடிக்கொண்டே போனது. கரகரப்பு போய், ஒரு கிறீச்சிடல் வந்தது. "நாளுக்கு நாள் மோசமாவுதுடி, டாக்டராண்ட காட்டலாம்" என்பாள் அம்மா. டாக்டர் என்றுதான் சொல்வாள். நான் வள்ளென்று விழுவேன். ஐப்பசியில் ஒரு நாள் ஏரிக்கரை மேல் போய்க்கொண்டிருந்தபோது டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. வண்டி ஆமை வேகத்துக்கு இறங்கி, அப்படியே நின்றுவிட்டது.

காஞ்சிபுரத்தில் ஹைபிரிட் பார்க்கும் ஒரு மெக்கானிக் இருப்பதாகச் சொன்னார்கள். இழுவை வண்டி வந்தது. அம்மாவை வரவேண்டாம் என்றேன். அவள் ஏற்கெனவே ஒரு பையில் பிளாஸ்க்கும் துண்டும் எடுத்து வைத்திருந்தாள். அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகும்போதெல்லாம் எடுத்துக்கொள்ளும் அதே பை.

மெக்கானிக் பின்சீட்டைக் கழற்றினார். அம்மாவுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டிருந்தார்கள், வண்டியின் பக்கத்திலேயே. அவர் துவாரத்துக்குள் விரலை விட்டு எதையோ பிடித்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. நாலாக மடித்த பனியன். அண்ணனுடையது. எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்தது. அந்த கிரீஸ் நாற்றத்துக்கு நடுவிலும் எனக்குச் சூடத்தின் வாசனை அடித்தது.

தலையணை அதன்மேல் சாய்ந்தே இருந்ததால் இத்தனை மாதமும் நான் பார்க்கவில்லை.

"அக்கா, யாரு இதுல துணி அடச்சது?" மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. "இது பேட்டரி மூச்சு வுடற எடம். இத்தப் போயி மூடினா உள்ளயே வெந்து பூடாதா? ஃபேனு இளுத்து இளுத்துப் பாத்துகீது, காத்து வரல. மூச்ச மூட்டிக் கொன்னுட்டீங்களே."

அம்மாவின் கை வாய்மேல் போனதைப் பார்த்தேன்.

"நான்தான் வெச்சேன்" என்றேன். "எலி பூந்துக்கும்னு."

"எலியாம், எலி. டீச்சருன்னீங்க?" என்று அவர் பிடித்துக்கொண்டார். படித்தவர்கள் வண்டியோடு வரும் புத்தகத்தைப் படிப்பதில்லை என்று நீளமாக ஒரு பிரசங்கம். பிறகு புது பேட்டரியின் விலையைச் சொன்னார். அந்தப் பணத்துக்கு அந்த வண்டியையே விற்றால்கூடக் கொஞ்சம் குறையும். பழைய பேட்டரியில் கெட்டுப்போன செல்களை மட்டும் மாற்றலாம், மலிவு, ஆனால் எத்தனை நாள் வரும் என்று சொல்ல முடியாது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

உத்திரமேரூர் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருப்புலிவனம் தாண்டியதும் கேட்டாள்.

"நீ ஏன்டி பொய் சொன்ன?"

"வுடுமா. பேட்டரிக்கு வயசாயிட்ச்சி. துணி வெக்கலன்னாலும் பூட்டிருக்கும்."

"ஆடிக் காத்து ஆவாது அவனுக்கு. எண்ணையத் தடவிப் பனியன வெச்சி மூடினேன். அப்பறம் ரொம்ப இளுத்தான். இன்னும் கொஞ்சம் அமுத்தி வெச்சேன்."

"அம்மா, அது பேட்டரி."

"பேட்டரின்னு எனக்குத் தெரியாதா? நான் இன்னா பைத்தியமா?" என்று என் பக்கம் திரும்பினாள். "அவன் கொயந்தையா இருக்கசொல்லோ டாக்டரு ஜன்னலத் தொறந்து வெய்யி, காத்து வரட்டும்னாரு. நான்தான் கேக்கல. பனி பனின்னு மூடி மூடி வெச்சேன். அப்பவும் நான்தான் மூட்னேன், இப்பவும் நான்தான் மூட்னேன்."

ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் அவன் இழுப்பு நின்றிருக்குமா என்று எந்தக் கணக்கிலும் போட்டுப் பார்க்க முடியாது. அவளுக்கு மட்டும் விடை தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து அம்மா வீட்டில் எதையும் மூடவிடவில்லை. கார்த்திகைக் குளிரில் கதவும் ஜன்னலும் அகலத் திறந்து கிடந்தன. ஏரிக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. கொசு பிடுங்கியது. பருப்பு டப்பாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தாள். நான் சாத்துவேன், அவள் எழுந்துபோய்த் திறப்பாள். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஆளே பாதியானாள். அந்த வீட்டில் எனக்கு முதன்முறையாக மூச்சுத் திணறியது, இத்தனைக்கும் அத்தனை ஜன்னலும் திறந்திருந்தன.

நான் மாடியில் ஒரு அறை கட்டப் பணம் சேர்த்து வைத்திருந்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து அது ஒன்றுதான் எனக்கு ஆசை. எனக்கென்று ஒரு கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். அந்தப் பணத்தில் பேட்டரி போடப்போகிறேன் என்று சொன்னபோது சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா? யாராவது இப்டிப் பண்ணுவாங்களா?"

பழைய பேட்டரியை ஒட்டுப்போட எனக்கு மனம் வரவில்லை. எத்தனை நாள் வரும் என்று தெரியாத ஒன்றை நாங்கள் ஏற்கெனவே வளர்த்துப் பார்த்தாயிற்று. தான் கொன்றதாக நினைக்கிற ஒன்று எழுந்து ஓடிவருவதை அம்மா பார்க்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் கணக்கு. மெக்கானிக்குக்குப் போன் செய்து புதுசே போடச் சொன்னேன்.

வண்டி எடுக்கப் போனபோது அவர் பெருமையாகச் சொன்னார்: "இனிமே அந்த ஃபேன் சத்தமே வராதுக்கா. புது பேட்டரி, லேசுல சூடாவாது. ஒண்ணே ஒண்ணு, வெயில்ல மட்டும் நிறுத்தாதீங்க. நெழல்ல போடுங்க, ரொம்ப வருசம் வரும்."

நல்ல செய்தி என்றுதான் தலையாட்டினேன். ஏரிக்கரை வந்தபோதுதான், இனி அம்மாவுக்குக் கேட்க எதுவும் இருக்காது என்று எனக்கு உறைத்தது.

வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தியதும் அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, துவாரத்தின் பக்கம் காதைச் சாய்த்தாள். "ஆன் பண்ணு" என்றாள். ஆன் செய்துதான் இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அவள் தலையணையின் ஓரத்தைப் பிரித்துக் கொஞ்சம் பஞ்சு எடுத்தாள். துவாரத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் முன்சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பஞ்சு அசையவில்லை. கை சோர்ந்து இறங்கும்வரை பிடித்திருந்தாள்.

"நின்னு பூட்ச்சிடி" என்றாள்.

இறங்கிக் கதவைச் சாத்தினாள். அத்தனை நாளில் அவள் சாத்திய முதல் கதவு அதுதான். தூங்குகிற குழந்தை இருக்கும் அறைக்கதவைச் சாத்துவதுபோல் மெதுவாகச் சாத்தினாள். அண்ணன் செத்த அன்று அழாதவள், அன்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். என் அறையை விற்று நான் வாங்கி வந்தது இந்த ஒப்பாரியைத்தான் என்று நினைத்தபோது எனக்கும் அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியை மரத்தடியிலிருந்து எடுத்தேன். நெல் காயவைக்கும் களத்தின் நடுவில், நிழலின் சுவடே இல்லாத இடத்தில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்தினேன். உச்சி வெயில் ஏறி இறங்கும்வரை அப்படியே விட்டேன். பிறகு வீட்டுக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். உள்ளே அடுப்பங்கரை மாதிரி கொதித்தது. ஸ்டார்ட் செய்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பின்னாலிருந்து காற்று மெல்ல எழுந்தது. கரகரப்பு இல்லை, கிறீச்சிடல் இல்லை. நெஞ்சில் சளி இல்லாதவன் இழுத்துவிடும் மூச்சு. அம்மா பஞ்சை நீட்டினாள். அது அவள் விரலை விட்டு நழுவிப் போய்த் துவாரத்தில் ஒட்டிக்கொண்டது.

"இளுப்பே இல்ல" என்றாள் அம்மா. "கேளேன், நல்லா வுடறான்."

கேட்டேன். என் அண்ணன் உயிரோடிருந்தபோது ஒரு நாளும் அப்படி மூச்சு விட்டு நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் அம்மா தானாகச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். என் படுக்கைக்கு மேலே இருக்கும் ஜன்னலை மட்டும் சாத்தினாள். "பனி எறங்குது, உனுக்கு ஆவாது" என்றாள். பனி எனக்கு ஒருநாளும் ஆகாமல் போனதில்லை. இருந்தாலும் சும்மா படுத்திருந்தேன்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் இதுதான் எங்கள் வழக்கம். மற்ற நாட்களில் வண்டி மரத்தடியில் நிற்கும். ஞாயிறு காலை களத்துக்குப் போகும். துவாரத்துக்குள் போன பஞ்சையெல்லாம் திங்கட்கிழமை நான் எடுத்துச் சுத்தம் செய்துவிடுவேன். "இத்தினி பணத்தக் கொட்டிட்டு வெயில்ல வறுக்கிறியே, புத்தி கீதா உனுக்கு?" என்று சித்தப்பா கேட்கிறார். நான் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வீட்டுக்குள் போகிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் பேட்டரியின் ஆயுசில் கொஞ்சம் தேய்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மாவின் ஆயுசும் அப்படித்தான். இரண்டில் எது முந்தும் என்று, சீட்டில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்கும்போது சில சமயம் கணக்குப் போடுகிறேன். அம்மா முந்திக்கொண்டால் இந்த வீட்டில் மூச்சு விடுவது நானும் இந்த வண்டியும்தான். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வெயிலில்தான் நிறுத்துவேன்.